ஆன்டெனா பிடிக்கும் அத்தான்

அன்புள்ள மைத்துனருக்கு,

அத்தான் எழுதிக்கொள்வது. இங்கு அனைவரும் நலம் என்று தொடங்குவதுதான் முறை. உங்கள் அக்கா இருக்கிற இருப்பில் அதை எழுதக் கை வரவில்லை. நீங்களும் உங்கள் வீட்டாருமாவது நலமாக இருங்கள்.

நிற்க. "எதுக்கு அத்தான் தண்டமா கேபிள்? ஆன்டெனா மாட்டினா காத்துலயே படம் சும்மா வருதே" என்று சொல்லி, அதையும் வாங்கிக் கொடுத்துவிட்டு நீங்கள் பாட்டுக்கு ஊர் போய்ச் சேர்ந்தீர்கள். கேபிளுக்கு இது ஈடாகுமா என்று நேற்று போனில் கேட்டீர்களே, அக்கா காதில் விழுமே என்று நான் மழுப்பினேன். இப்போது சொல்கிறேன், ஆகாது. கேபிள் வேண்டாம் என்றதும் கேபிள்காரர் கோபத்தில் மொட்டை மாடியிலிருந்து ஒயரை ஒரே இழுப்பாக உருவினார். அதில்தான் நான் துணி காயப்போடுவது வழக்கம். ஈரப் போர்வை நேராகக் கீழ்வீட்டு புரோக்கர் தலையில் போய் விழுந்தது. ஆன்டெனாவை பீரோ மேல் வைத்தேன், படம் வரவில்லை. அக்கா கட்டிலருகே குளுக்கோஸ் ஏற்றுகிற கம்பியில் தொங்கவிட்டேன், அருமையாக வந்தது. வீட்டுக்கு ஊசி போட வருகிற நர்ஸம்மா பார்த்துவிட்டு, "இது பேஷண்டுக்கா, டிவிக்கா?" என்று கழற்றி என் மடியில் போட்டுவிட்டார்.

கடைசியில் ஒரே வழிதான். ஜன்னலோரம் ஸ்டூலில் ஏறி, ஆன்டெனாவை வெளியே நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்கணும். கை கொஞ்சம் தாழ்ந்தாலும் நடிகர்கள் கட்டம் கட்டமா உடைஞ்சு அப்படியே உறைஞ்சு போயிடறாங்க. முந்தாநாள் புரோக்கர் தெருவிலிருந்து அண்ணாந்து பார்த்து, "சார், அவசரப்படாதீங்க, எதுவானாலும் பேசித் தீத்துக்கலாம்"னு கத்துறார். சீரியல்ல அந்த மாமியாருக்கு அப்பத்தான் நினைவு திரும்புது, நான் எப்படி இறங்குவேன்? "இது முடிஞ்சிடட்டும் சார்"னேன். மனுஷன் பதறியடிச்சு மாடியேறி வந்து என் காலைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டார். படம் இன்னும் தெளிவா வந்துச்சு.

"இனி வீட்டுலயே வெச்சுப் பாத்துக்கோங்க"ன்னு டாக்டர் சொன்னது உங்க அக்கா காதுலயும் விழுந்துடுச்சு, மாப்பிள்ளை. அதுக்கு என்ன அர்த்தம்னு அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆஸ்பத்திரியிலேருந்து வந்த நாள்லேருந்து சுவரைப் பாத்தே படுத்திருந்தா. இந்த டிவிக்காகத்தான் முகத்தை இந்தப் பக்கம் திருப்பினா. வாதத்துல ஒரு பக்கம் விழுந்து பேச்சு போனப்புறம் அவகிட்டேருந்து வர்ற ஒரே சத்தம், நான் கையை இறக்கினா ஒரு "ம்". என் தோள்பட்டை செத்துப் போச்சு. இருக்கிற கொஞ்ச நாளாவது அவ தடங்கல் இல்லாம பாக்கட்டும். நீங்க கேபிள்காரர்கிட்ட பேசி, அவர் கையைக் காலைப் பிடிச்சாவது திரும்ப இணைப்பு கொடுக்கச் சொல்லுங்க.

தங்கச்சிக்கு என் அன்பு. பிள்ளைகள் நல்ல படிப்போடும், அதைவிட நல்ல தோள் வலுவோடும் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
கை ஓய்ந்துபோன அத்தான்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள், நான் சொல்லிவைத்திருந்த எலக்ட்ரீஷியன் வந்து ஆன்டெனாவை மொட்டை மாடிக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போனார். படம் பளிச்சுன்னு தானா வருது. நான் அப்பாடான்னு நாற்காலியில உக்காந்தேன். உங்க அக்கா கொஞ்ச நேரம் டிவியைப் பாத்தா. அப்புறம் காலியா இருந்த ஸ்டூலைப் பாத்தா. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிட்டா. நானே மாடிக்குப் போய் ஆன்டெனாவை அவிழ்த்து எடுத்துட்டு வந்து, பழையபடி ஏறி நின்னேன். பாதி வாயால சிரிக்கிறா. கேபிள்காரர்கிட்ட எதுவும் பேச வேண்டாம்.