நிழல் சாமியின் மஞ்சள் நூல்

அந்த ஆண்டு விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கியவர்களில் பாதிப்பேர் ஊர்க்கோயில் பழமலைநாதரை மறந்துவிட்டார்கள். பீங்கான் சூளைகளுக்குப் பின்னால் ஒரு கீற்றுக்கொட்டகை. அங்கே நிழல் சாமி எழுந்தருளியிருந்தார். கரண்டு வேண்டாம், எக்ஸ்ரே பிலிம் வேண்டாம், உடம்புக்குள் இருக்கும் நோயை அளந்தே சொல்லிவிடுவார். மனிதன் சந்திரனுக்குத்தான் போனான். நம் சாமி கல்லீரலுக்கே போய் வந்தார்!

இருட்டுக் கொட்டகை, நடுவில் வேட்டித் திரை. திரைக்குப் பின்னால் நோயாளி, அவர் முதுகுக்குப் பின்னால் விளக்கு. திரையில் விழும் நிழலைச் சாமி மஞ்சள் நூலால் அளப்பார். பிறகு கற்பூரத்தோடு உள்ளே போவார், மந்திரம் சொல்வார், விளக்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வந்து மறுபடி அளப்பார். நிழல் குறைந்திருக்கும்.

"பச்ச மண்ணு சூளையில சுருங்குதுல்ல? நோயும் அப்படித்தான் என் ஜோதியில சுருங்குது!"

சூளைக்காரர்களுக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

சூளைத் தொழிலாளி பக்கிரிக்குக் காசநோய். ஆஸ்பத்திரி ஊசியால் தேறி வந்தவர், சாமி சொன்னாரென்று ஊசியை நிறுத்தினார். வாராவாரம் நிழல் குறைந்தது, பக்கிரியும் குறைந்தார். இருமினால் ரத்தம்.

அடுத்த வீட்டுக் கணக்கு டீச்சர் சுல்தானா, பக்கிரியின் மனைவி ஆதிலட்சுமியிடம் கெஞ்சினார்.

"அக்கா, ஊசி போடலன்னா அவரு பொழைக்க மாட்டாருங்க."

"நெழலு சுருங்குனத என் கண்ணால பாத்தேன் டீச்சர்!"

"சரி, எங்கூட வாங்க. இன்னொரு தபா பாப்போம்."

மறுநாள் டீச்சர் ஆதிலட்சுமியையும் கூட்டிக்கொண்டு, போர்வை சுற்றிய மூட்டையோடு போனார்.

"கொழந்த, சாமி. தூங்குது. காத்து படக்கூடாதாம்."

மூட்டையைத் திரைக்குப் பின்னால் முக்காலியில் வைத்தார்கள். சாமி அளந்தார், உதட்டைப் பிதுக்கினார். "ஈரல்ல கட்டி, தாயே!" உள்ளே போனார், வந்தார், அளந்தார். "பாத்துக்குங்க, நாலு விரக்கடை சுருங்கிடுச்சி!"

கூட்டம் கைகூப்பியது. டீச்சர் திரையை விலக்கிப் போர்வையை உருவினார். உள்ளே ஊறுகாய் ஜாடி!

கூட்டத்தில் இருந்த சூளைக்காரர் ராஜாங்கம்தான் முதலில் வாயைத் திறந்தார். "சுட்ட ஜாடி மறுபடி எப்படிய்யா சுருங்கும்?"

"ஜாடி சுருங்கலீங்க, வெளக்கு பின்னால போயிருக்குது" என்றார் டீச்சர். "வெளக்கு கிட்ட இருந்தா நெழலு பெருசு, எட்டப் போனா சிறுசு. ஆஸ்பத்திரி எக்ஸ்ரேவும் நெழலுதான். ஆனா அங்க தூரத்த அளந்து, ஒவ்வொரு தபாவும் அதே தூரத்துல வச்சி எடுக்கறாங்க. அதனாலதான் போன மாசப் படத்தையும் இந்த மாசப் படத்தையும் ஒப்பிட முடியுது."

திரையை மறுபடி இழுத்துவிட்டு, விளக்கை ஜாடிக்குக் கிட்டே தள்ளினார். நிழல் பெருத்தது. ஜாடிக்கு நோய் திரும்பி வந்தது.

சாமி அசரவில்லை. "ஜாடிக்குள்ள தோஷம் இருக்குது!"

"எம் புருஷன் ரத்தமா துப்புறாருடா பாவி!" என்று ஆதிலட்சுமி அலறினாள். அடுத்த பஸ்ஸிலேயே பக்கிரியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் திட்டித் தீர்த்துவிட்டு, ஊசியை முதலிலிருந்து ஆரம்பித்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நுரையீரலே மிஞ்சியிருக்காதாம்.

சாமி ரயிலேறிவிட்டார். மறுநாள் காலை பூட்டிய கொட்டகை முன்னால் நின்ற சிலர் டீச்சரையே மறித்துக் கேட்டார்கள்: "சாமி இப்ப எந்த ஊர்ல இருக்காருங்க?"

அட புண்ணியவான்களே! விளக்கை விழுந்து விழுந்து கும்பிட்டீர்களே, அதை நகர்த்திய கையை ஒரு தடவையாவது பார்த்தீர்களா?