மாசிலாமணிக் கழுதையும் மூன்று நொடி வண்டியும்

ஒரு காட்டில் மாசிலாமணி என்று ஒரு கழுதை இருந்தது. கழுதை எல்லாக் காட்டிலும்தான் இருக்கிறது. ஆனால் கரண்டில் ஓடும் ஸ்டேஷன் வேகன் வைத்திருந்த கழுதை அது ஒன்றுதான். வண்டி என்றால் சாதாரண வண்டியா? முன்பாதி பந்தயக் கார், பின்பாதி குடோன். நின்ற இடத்திலிருந்து மூன்றே நொடியில் நூறு கிலோமீட்டர் வேகம் பிடிக்கும். டிக்கியைத் திறந்தால் ஒரு பன்றிக் குடும்பம் பாய் விரித்துப் படுக்கலாம்.

ஒரு கழுதைக்கு இந்த வேகம் எதற்கு என்றுதானே கேட்கிறீர்கள்? அதன் பெண்டாட்டி செண்பகமும் அதையேதான் கேட்டது.

மாசிலாமணி பிறந்ததிலிருந்து ஒரு கல்யாணத்துக்கும் நேரத்துக்குப் போனதில்லை. முதுகில் யாருடைய மூட்டையாவது இருக்கும். போய்ச் சேரும்போது வாசலில் பன்னீர்ச் செம்பு காலி. கடைசிப் பந்தியில் வடை தீர்ந்து, பாயசம் தீர்ந்து, ரசம் மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதன் பங்காளி ரணதீரன் குதிரையோ சந்தனம் பூசி முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டு, "என்ன பங்காளி, இப்பதான் வர்றியா?" என்று மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி கேட்கும்.

"ஒரே ஒரு கல்யாணத்துக்காவது அவனுக்கு முந்திப் போயி, முதல் வரிசையில உட்கார்ந்து, முதல் பந்தியில சாப்பிடணும் செண்பகம். அப்புறம் செத்தாலும் பரவாயில்லை" என்றது மாசிலாமணி.

"சாப்பிட்டுட்டு வீட்டுக்கு வந்து சாவுங்க. எனக்கும் ரெண்டு வடை கொண்டாங்க" என்றது செண்பகம்.

வண்டி வந்த அன்று பூசை. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, "லேசா நசுக்குங்க" என்றது பூசாரிக் கொக்கு. மாசிலாமணி லேசாகத்தான் மிதித்தது. பழம் நசுங்கிய சத்தம் கொக்கின் காதில் விழுவதற்குள் வண்டி பக்கத்துப் புளியந்தோப்பில் போய் நின்றது. பானெட்டில் வைத்த கற்பூரத் தட்டும் கூடவே போயிருந்தது. கற்பூரம் அணையவில்லை, நல்ல சகுனம் என்று சொல்லிக் கொக்கு தட்சிணையைக் கூட்டிக் கேட்டது.

அதோடு சரி. அப்புறம் அந்த வேகத்தைக் காட்ட ஒருநாள் வாய்த்ததா? காட்டுப் பாதையில் வேகத்தடை என்று தனியாகப் போடவில்லை, மலைப்பாம்புதான். எதையாவது விழுங்கிவிட்டுக் குறுக்கே படுத்தால், அது செரிக்கும்வரை வண்டி நிற்க வேண்டும். வண்டிக்குச் சத்தமே கிடையாது, அதனால் காட்டுக்கோழிகள் நகராது. மாசிலாமணி ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தும். சார்ஜ் போடக் காட்டுக்கே ஒரு பிளக் பாயிண்ட். குரங்கு வண்டி வயரைப் பிடுங்கிவிட்டுத் தன் செல்போனைச் சொருகும். "அஞ்சு நிமிஷம்ணே, ரெண்டு பர்சென்ட்தான் இருக்கு!"

எல்லாவற்றையும் பொறுக்கலாம், இந்த டிக்கி இருக்கிறதே! "வண்டி சும்மாதானே போகுது மாசிலா, இந்தப் பலாப்பழத்தைப் போட்டுக்கோ." "இந்தச் சாம்பார் அண்டாவை வச்சுக்கோ, தளும்பாமப் போ." மூன்று நொடி வண்டி, சாம்பாருக்குப் பயந்து ஆமைக்குப் பின்னால் ஊர்ந்தது. முன்பு முதுகில் ஒரு மூட்டை. இப்போது டிக்கியில் பத்து.

அப்போதுதான் மலைக்கு அந்தப் பக்கம் கோதண்டம் கரடி வீட்டில் மகளுக்குக் கல்யாணம் வந்தது. காலை பத்து மணிக்கு முகூர்த்தம். போகிற வழியெல்லாம் புதுத் தார் ரோடு. குட்டிக்குப் பரீட்சை என்று செண்பகம் வரவில்லை. மாசிலாமணி பட்டு வேட்டி கட்டி, டிக்கியில் 'ரிப்பேர்' என்று எழுதி ஒட்டி, விடிந்ததும் கிளம்பியது. மலைப்பாம்பைக் காணோம். கோழிகளைக் காணோம். மிதித்தது பாருங்கள்!

ஐயோ, அந்தச் சுகத்தை என்னவென்று சொல்வேன்! காது இரண்டும் பிடரியோடு ஒட்டிக்கொண்டன. முதலில் "அம்மா!" என்று அலறியது, அப்புறம் சிரித்தது. வாழ்நாளில் முதல்முறையாக முதுகிலும் பாரமில்லை, டிக்கியிலும் பாரமில்லை. வழியில் ரணதீரன் மிடுக்காக நடந்துகொண்டிருந்தது. "வர்றேன் பங்காளி!" என்று கத்திக்கொண்டே கழுதை பறந்தது. குதிரைக்குச் சுருக்கென்றது.

மண்டபத்தில் இன்னும் வாழைமரம்கூடக் கட்டவில்லை. பன்னீர் இல்லை, சந்தனம் இல்லை, நாற்காலிகள் ஒரு மூலையில் அடுக்கிக் கிடந்தன. மாசிலாமணி ஒன்றை உருவி, முதல் வரிசை வரும் இடத்தில் போட்டுக் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்தது.

உள்ளேயிருந்து கோதண்டம் கரடி பனியனோடு ஓடிவந்தது. "அப்பாடா, தம்பி! நீயாவது வந்தியே! காய் நறுக்க வர்றேன்னு சொன்ன எலிங்க ஒண்ணுகூட வரலைப்பா. என் மானமே போயிடும்!" என்று கட்டிப்பிடித்து, ஒரு மூட்டைச் சின்ன வெங்காயத்தை முன்னால் இறக்கியது.

"அண்ணே, நான் விருந்தாளியா..."

"நீ விருந்தாளியா? நீ நம்ம வீட்டுப் பிள்ளைப்பா!"

இந்த ஒரு வார்த்தைக்கு மடங்காதவர் யார்? மாசிலாமணி உரித்தது, உரித்தது, உரித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் வண்டி ஞாபகம் வந்து, இலைக்கட்டு எடுக்க அனுப்பினார்கள், தயிர் எடுக்க அனுப்பினார்கள். ரிப்பேர் என்று ஒட்டியதைக் கரடி கிழித்து அடுப்பில் போட்டது.

கடைசியாக, "தம்பி, ரணதீரன் ஐயா வெயில்ல நடந்து வர்றாராம். போயிக் கூட்டிட்டு வந்துடு. உனக்கென்ன, மூணு நொடி!"

குதிரை பின்சீட்டில் நீட்டி உட்கார்ந்து, "மெதுவாப் போ பங்காளி, எனக்குத் தலை சுத்தும். ஏ.சி.யைக் கொஞ்சம் கூட்டு" என்றது. வாசலில் அதற்குப் பன்னீர், பொன்னாடை எல்லாம். தாலி கட்டும்போது மாசிலாமணி கண்ணெல்லாம் சிவந்து தண்ணீர் ஒழுக வந்து நின்றது. "பாசக்காரன்யா! என்னமா அழறான் பாரு" என்று மண்டபமே உச்சுக் கொட்டியது. சாப்பாடு, பரிமாறியவர்களோடு கடைசியில்.

"அடுத்த மாசம் பையனுக்கு" என்று கரடி வழியனுப்பியது. "நீ முந்தின நாளே வந்துடு."

மாசிலாமணி அழுதுகொண்டே ஓட்டிப்போனது. இந்தத் தடவை வெங்காயம் இல்லை.

பையன் கல்யாணம் வந்தது. மாசிலாமணி மண்டபத்துக்குச் சற்று முன்னால் ஆலமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டி, ஏ.சி. போட்டு, சீட்டைச் சாய்த்துக் குறட்டை விட்டது. கெட்டிமேளம் கேட்டதும் எழுந்து ஒரே மிதி. தாலி ஏறவும் கழுதை வாசலில் இறங்கவும் சரியாக இருந்தது. "வாங்க வாங்க! எவ்வளவு தூரத்திலிருந்து வந்திருக்கீங்க!" என்று பன்னீர் மழை, முதல் வரிசையில் இடம், கையோடு முதல் பந்தி.

இலையில் பரிமாற வந்தது யார் தெரியுமா? ரணதீரன். போன தடவை கழுதை தன்னை முந்திய கடுப்பில், இந்தத் தடவை விடியலிலேயே வந்து சேர்ந்திருந்தது. கண் இரண்டும் கோவைப்பழம்.

"வெங்காயப் பச்சடி இன்னும் கொஞ்சம் வைங்க பங்காளி" என்றது மாசிலாமணி. "பொடிசா, நல்லா நறுக்கியிருக்கீங்க."

நீதி: வேகமான வண்டி வாங்குவது சீக்கிரம் போய்ச் சேர அல்ல, நிம்மதியாகத் தாமதிக்க. முதலில் போய் நிற்கிறவனை ஊர் சொந்தக்காரன் ஆக்கிவிடும், ஜாக்கிரதை.