பின்தகட்டில் ஒட்டியிருந்த கறுப்புத் தாள்

புதிய பொருளின் மேலுறையைக் கழற்றாமலே பயன்படுத்துவோரை நான் நெடுங்காலம் மனத்துக்குள் இகழ்ந்திருக்கிறேன். மணமாகிப் புளியங்குளத்துக்கு வந்தபோது, மாமி வீட்டில் கதிரைகள், ரிமோட், மோட்டார் சைக்கிளின் இருக்கை யாவும் பொலித்தீனுக்குள்தான் வாழ்ந்தன. (எழும்பும்போதெல்லாம் கதிரை முறையிடும்.) ஒரு மாதத்துக்குள் எல்லாவற்றையும் உரித்தேன். மாமி தடுக்கவில்லை. "படிச்ச பிள்ளை, உரிக்கட்டும்" என்றா. அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டேன்.

என் கணவர் திருமண வீடியோ எடுப்பவர். ஓமந்தையில் ஒரு கலியாணத்தைக் கனடாவுக்கு நேரலையாக அனுப்ப ஒப்புக்கொண்டிருந்தார். மணமகள் யாழினியின் அப்பா அங்கேதான் இருந்தார். வதிவிடப் பத்திரம் கிடைக்காததால் வர இயலவில்லை. மகளைப் பதினொரு வருடமாக நேரில் காணாதவர். கலியாணத்தை அவர் காண எங்கள் கணினியையே நம்பியிருந்தார். அதுவோ ஒத்திகையில் இரண்டு தடவை சூடேறி அணைந்துபோனது.

அதைக் குளிர்விக்க வவுனியாவில் சொல்லிவைத்த பெரிய கூலர் கலியாணத்துக்கு முதல்நாள் மாலையில்தான் வந்தது. மறுநாள் விடிய, கணவர் மாப்பிள்ளை வீட்டுக்குப் படமெடுக்கப் போக வேண்டும்.

"நீங்கள் போங்கோ. கூலரை நான் பூட்டிறன்" என்றேன். கூடவந்த கைந்நூலை இருமுறை வாசித்திருந்தேனே!

கூலரின் பாரத்தைத் தாங்க, கணினிக்குள் இருக்கும் மதர்போர்ட்டின் பின்புறம் ஓர் இரும்புத் தகடு வைத்து நான்கு திருகாணிகளால் இறுக்க வேண்டும். கூலரின் அடியிலுள்ள பாதுகாப்புத் தாளை உரிக்கும்படி கைந்நூல் சொன்னது. உரித்தேன். பின்தகட்டிலும் ஒரு கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. அதைப்பற்றிக் கைந்நூலில் ஒரு சொல்லும் இல்லை. (எழுதியவர் மறந்துவிட்டார் போலும் என்று அவர்மேல் இரக்கம்கூடக் கொண்டேன்.) அந்தத் தாள் இலேசில் வரவில்லை. குசினிக் கத்தியால் சுரண்டி, எஞ்சிய பசையைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்தேன். தகடு பளபளத்தது. வைத்து இறுக்கினேன், பத்திரத்துக்கு இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன். இயக்கிப் பார்க்க வழியில்லை. அன்று காலை எங்கள் பக்கம் மின்வெட்டு.

மண்டபத்தில் கணினியின் பொத்தானை அழுத்தியதும் 'டப்' என்றொரு சத்தம். பிறகு எரிந்த வாசம். (ஓமம் இன்னும் தொடங்கியிருக்கவில்லை.)

கணவர் மதர்போர்ட்டைக் கழற்றித் திருப்பினார்.

"இதிலை ஒட்டியிருந்த கறுத்தத் தாள் எங்கை?"

"உரிச்சிட்டன்."

"ஏனப்பா?"

"வடிவாயில்லை."

"அது வடிவுக்கில்லை. உந்த ஈய முனையளிலை இரும்பு முட்டாமல் இருக்கத்தான். முட்டினால் எரிஞ்சுபோம்."

பக்கத்தில் நின்ற மாமி மெல்லச் சொன்னா: "கதிரையோடை நிண்டிருக்கலாம், பிள்ளை."

முகூர்த்தத்துக்கு அரைமணி நேரமே இருந்தது. கணவருக்குக் கமராவை விட்டு அசைய முடியாது. பிழை என்னுடையது, கையும் என்னுடையதாகவே இருக்கட்டும் என்று என் கைபேசியில் கனடாவை அழைத்து, மணவறையை நோக்கித் தூக்கிப் பிடித்தேன்.

"பிள்ளை, ஐயரின்ரை முதுகுதான் தெரியுது" என்றார் யாழினியின் அப்பா.

ஓரடி முன்னே போனேன்.

"இன்னும் கொஞ்சம் கிட்ட."

இப்படிக் கிட்டக் கிட்டப் போய், இறுதியில் மணமக்களுக்கும் தோழிக்கும் நடுவே நின்றேன். தாலி ஏறியபோது கெட்டிமேளத்தை மீறி அவர் குரல் கேட்டது: "கை ஆடுது பிள்ளை. படம் கலங்குது."

என் கை ஆடவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா, வடிவாப் பிடிக்கிறன்" என்றேன்.

மணமக்களை வாழ்த்தி அறுகரிசி போடும் நேரம் வந்தது. "என்ரை பேரிலை நீங்களே போடுங்கோ" என்றார். இடக்கையில் அவரை ஏந்திக்கொண்டு வலக்கையால் போட்டேன். மணமக்கள் அப்பாவை வணங்கவென்று விழுந்தார்கள்; விழுந்த இடம் என் காலடி. (யாழினி என்னைவிட இரண்டு வயது மூத்தவள்.)

கலியாண அல்பத்தில் ஒரு படமும் தப்பவில்லை. எல்லாவற்றிலும் கையைத் தூக்கியபடி நான் நிற்கிறேன். சில வருடங்களின் பின் யாழினியின் மகள் ஒருநாள் "இதார்?" என்று கேட்க, தாய் கைபேசியைத் தொட்டு, "அம்மப்பா" என்றிருக்கிறாள். குழந்தை பார்த்ததோ என் முகத்தை. அன்றிலிருந்து ஓமந்தைச் சந்தியில் என்னைக் கண்டால் "அம்மப்பா!" என்று கூவிக்கொண்டு ஓடிவருவாள்.

போன வருடம் வதிவிடப் பத்திரம் கிடைத்து யாழினியின் அப்பா ஊருக்கு வந்தார். பேத்தி அவரை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, என் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். எனக்கு நிலம் பிளக்காதா என்றிருந்தது.

அவர் குனிந்து அவளிடம் சொன்னார்: "பயப்பிடாதேங்கோ குஞ்சு. அவா பெரிய அம்மப்பா. நான் சின்னவர்."

அந்த வீட்டில் இன்றைக்கும் அவர் பெயர் சின்னம்மப்பாதான்.