லாரி டியூபும் வெண்கலப் பானையும்

மார்கழி மாதம் ஒரு சனிக்கிழமை காலை, மூன்றாவது இட்லியில் கையை நிறுத்தி, எழுந்து நின்று ஒரு சபதம் செய்தேன்.

"சாமுண்டீஸ்வரி, நாளைக்கு நம்ம கிணத்துலே நானே இறங்கப் போறேன். உள்ளே கிடக்கிற பாதாளக் கரண்டியை எடுக்கப் போறேன். இந்தப் பொங்கல் உன் வெண்கலப் பானையிலேதான் பொங்கும்."

"முதல்லே உட்காந்து சாப்பிடுங்க" என்றாள் என் மனைவி.

பாதாளக் கரண்டி என்பது கொக்கி கொக்கியாக ஓர் இரும்புச் சாமான். கிணற்றில் வாளி விழுந்தால் கயிற்றில் கட்டி இறக்கித் துழாவலாம். சேலையூரில் எங்கள் தெருவுக்கே ஒன்றுதான் இருந்தது. அது பக்கத்து வீட்டு யக்ஞநாராயணன் சாருடையது. அதைச் சும்மா தரமாட்டார்கள். ஒரு பாத்திரத்தை ஈடாக வாங்கி வைத்துக்கொண்டுதான் தருவார்கள். எந்தத் தெருவிலும் அதுதான் வழக்கம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் வாளி கிணற்றில் விழுந்தது. சாமுண்டீஸ்வரியின் பிறந்த வீட்டு வெண்கலப் பானையை ஈடு வைத்துக் கரண்டியை வாங்கி வந்தேன். முடிச்சுப் போட்டது நான். வாளி வரவில்லை. கரண்டியும் வரவில்லை. பானை அன்றிலிருந்து அவர் வீட்டுப் பரணில் இருக்கிறது. இரண்டு பொங்கலை அலுமினியப் பாத்திரத்தில் பொங்கினாள் என் மனைவி. இரண்டு தடவையும் என்னைப் பார்த்துக்கொண்டே பொங்கினாள்.

அப்போதெல்லாம் வராத வீரம் இப்போது ஏன் வந்தது? உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பத்து நாளைக்கு முன் கிணற்றடியில் வெந்நீர் வாளியோடு குளித்துக்கொண்டிருந்தேன். தலை தீபாவளிக்கு மாமனார் போட்ட மோதிரத்தைக் கழற்றிக் கிணற்றுச் சுவரில் வைத்தேன். முகமெல்லாம் சோப்பு. 'ப்ளக்' என்று ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் மோதிரம் இல்லை.

மாமனார் பொங்கலுக்குக் குன்றத்தூரிலிருந்து வருகிறார். அவர் மாப்பிள்ளையின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதற்கு முன் விரலைப் பார்ப்பவர். நான் விரலில் பிளாஸ்திரி சுற்றிக்கொண்டு நடமாடினேன். சாமுண்டீஸ்வரி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆனால் அந்தப் பத்து நாளும் சாம்பாரில் உப்பு ஒரு நாள் கரிக்கும், மறுநாள் இருக்கவே இருக்காது. மோதிரத்தைத் தொலைத்தவன் உப்பைப் பற்றிப் பேச முடியுமா?

நீச்சல் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. செம்பாக்கம் ஏரியில் கற்றவன். எனக்கு ஆகாதது குளிர். பத்து வயதுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர் என் மேல் பட்டதில்லை. சித்திரை வெயிலிலும் எனக்கு வெந்நீர்தான். ஆகவே எதைப் போட்டுக்கொண்டு இறங்குவது என்று யோசனை கேட்க யக்ஞநாராயணன் சாரிடம் போனேன். வானிலை இலாகாவில் ரிடையர் ஆனவர். கரண்டியை நினைத்து இரண்டு வருஷமாகத் தூங்காதவர்.

"உங்க கிணறு ஊத்துக் கிணறு, மிஸ்டர் ஜெயவேலு. ஊத்துத் தண்ணி ஆளையே தின்னுடும். காத்தைவிட இருபத்தஞ்சு மடங்கு வேகமா உடம்புச் சூட்டை இழுக்கும். டிவியிலே காட்டினானே, வெள்ளைக்காரன் ஊத்துக்குள்ளே முங்கறதை."

"அவன் என்ன சார் போட்டிருந்தான்?"

"ரப்பர். உடம்போட ஒட்டின ரப்பர். அஞ்சு மில்லிமீட்டர். தலைக்கும் ரப்பர். தலை வழியாத்தான் சூடு போறது."

"ஸ்வெட்டர் போதாதா?"

"வேணும்னா போட்டுக்கோங்கோ. எனக்குக் கரண்டி வந்தாப் போதும்."

வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரையும் மங்கி கேப்பையும் எடுத்தேன்.

"அதைப் போட்டுக்கிட்டா இறங்கப் போறீங்க?" என்றாள் சாமுண்டீஸ்வரி. "ஒரு வாளித் தண்ணியிலே முக்கித் தூக்கிப் பாருங்க."

முக்கினேன். தூக்கினேன். தோள்பட்டை இறங்கிவிட்டது.

"மழைக் கோட்டு?"

"காலு வழியா தண்ணி பூந்து உங்களைக் குடம் மாதிரி ரொப்பிடும்."

"தெர்மோகோல் கட்டிக்கிட்டா?"

"மேலேயே மிதப்பீங்க. கரண்டி கீழே இருக்குது."

"உடம்பெல்லாம் விளக்கெண்ணெய் பூசிக்கிட்டா?"

"அப்புறம் அந்தத் தண்ணியிலே யார் பருப்பு வேக வைக்கறது?"

இத்தனை விவரமாக அவள் கவலைப்படுவதைப் பார்த்து நான் பூரித்துப் போனேன். எவ்வளவு பிரியம் என்று நினைத்தேன்.

கேம்ப் ரோடில் எத்திராஜ் பங்சர் கடை வைத்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னா சார், கெணத்துல எறங்கப் போறியா, நெலாவுக்குப் போறியா?"

"அஞ்சு மில்லிமீட்டர் ரப்பர் வேணும்ப்பா."

"சைக்கிள் டியூப் கீது, ஸ்கூட்டர் டியூப் கீது, லாரி டியூப் கீது. உன் தொப்பைக்கு லாரிதான் சார் தாங்கும்."

"சூடு வெளியே போகக் கூடாது."

"காத்தே போவாது, சூடு எங்க போவப் போவுது?"

சாயங்காலம் வரை வெட்டி ஒட்டினான். கைக்கும் காலுக்கும் ஸ்கூட்டர் டியூப். உடம்புக்கு லாரி டியூப். தலைக்கு ஒரு துண்டு, முகத்துக்கு மட்டும் ஓட்டை. நெஞ்சில் இரண்டு பேட்ச் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ரப்பருக்குள் என்னைத் திணிக்க எத்திராஜும் சாமுண்டீஸ்வரியும் அரை மணி நேரம் பாடுபட்டார்கள். இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையை எத்திராஜ் பிடித்துக்கொண்டான். யக்ஞநாராயணன் சார் மதில் மேலிருந்து எட்டிப் பார்த்தார். குதித்தேன்.

முங்கவே இல்லை. மிதந்தேன்.

"சார் உள்ளாற காத்து கீது" என்றான் எத்திராஜ்.

"எனக்குத் தெரியும்" என்று சாமுண்டீஸ்வரி தயாராக வைத்திருந்த அம்மிக் குழவியை எடுத்தாள். அதைக் கயிற்றில் இறக்க, நான் இடுப்பில் கட்டிக்கொண்டேன். உடனே அடிக்குப் போய்விட்டேன்.

கீழே குளிரவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், குளிரவே இல்லை. தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. லாரி டியூபுக்குள் நான் இட்லிபோல வெந்துகொண்டிருந்தேன். எத்திராஜ் இழுக்க, மேலே வந்து கத்தினேன்.

"தண்ணி சூடா இருக்குதுடி!"

"மார்கழிக் காலையிலே கிணத்துத் தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கும். ஊருக்கே தெரியும்."

"எனக்கு ஏன் சொல்லலை?"

"வெந்நீர் ஆசாமிக்குச் சொன்னா நம்புவீங்களா? பேசாம முங்குங்க."

மூன்று முழுக்கு. முதலில் வாளி. இரண்டாவதில் பாதாளக் கரண்டி. மூன்றாவதில் சேற்றை இரண்டு கையாலும் அலசினேன். மோதிரம் இல்லை. நாலாவதுக்கு மூச்சு இல்லை. எத்திராஜ் இழுத்துப் போட்டான்.

நான் கிணற்றடியில் வேர்த்துக் கிடக்க, சாமுண்டீஸ்வரி கரண்டியோடு பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். ஓடிய வேகத்திலேயே வெண்கலப் பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். கல்யாணத்தன்றுகூட அந்த முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அதைப் பார்த்ததும் மனசு தாங்காமல் உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"சாமு, உங்கப்பா போட்ட மோதிரம் கிணத்துலே விழுந்துடுச்சு. அதுக்காகத்தான் இறங்கினேன். கிடைக்கலை."

அவள் பானையைக் கீழே வைத்தாள். புடவைத் தலைப்பில் போட்டிருந்த முடிச்சை அவிழ்த்தாள். மோதிரம்.

"எங்கே இருந்துது?"

"சுவர் மேலேதான் இருந்துது. நீங்க சோப்பு போட்டுக்கிட்டு இருந்தப்போ எடுத்தேன். ரெண்டு வருஷமா பானைக்காகக் கெஞ்சினேன், நீங்க அசையலை. உங்களுக்கு எங்கப்பான்னா பயம்னு எனக்குத் தெரியாதா?"

"சத்தம் கேட்டுதே. ப்ளக்குன்னு?"

"ஏதாவது விழணுமில்லே? கையிலே இருந்த உப்பு ஸ்பூனைப் போட்டேன்."

பத்து நாள் சாம்பார் என் நாக்கில் வந்து போனது. நான் தலையிலிருந்த ரப்பரைக் கழற்றக் கை வைத்தேன்.

"அதுக்குள்ளே ஏன் கழட்டறீங்க?" என்று குழவிக் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிக் கட்டினாள். "ஸ்பூனையும் எடுத்துட்டு வந்துடுங்க. அப்பா வந்தா சாம்பார்லே உப்பு சரியா இருக்கணும்."