வெள்ளிக்கிழமை தோலோடு கரைக்கு வர வேண்டாம்

கிழக்குக் கிரீன்லாந்துக் கடல்
செவ்வாய்க்கிழமை

மதிப்பிற்குரிய ஹெல்மர் மாமாவுக்கு,

மினிக் எழுதுவது. கப்பலில் நான் நலம். நீங்களும் அத்தையும் பதினொரு நாய்களும், போன மாதம் என்னைக் கடித்தது உட்பட, நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

வயர்லெஸ்ஸில் பேசினால் கப்பல் முழுக்கக் கேட்கிறது. ஆகவே கடிதம். வழியில் எதிர்ப்பட்ட உங்கள் பக்கத்து வீட்டுக்காரர் படகில் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமை எங்கள் கப்பல் நம் ஊருக்கு வருகிறது. அப்போது அந்தக் கரடித் தோலைத் தூக்கிக்கொண்டு நீங்கள் கரையில் நிற்க வேண்டாம். காலில் விழுந்து கேட்கிறேன். பயணத் தலைவி டோர்ஹில்ட் ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "தோல் ஏறினா நீ இறங்கு." வழிகாட்டி வேலை. எனக்கு வேறு வேலை தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும்.

தப்பு என்னுடையதுதான். ஆறு நாள் கரடி இல்லை. தொண்ணூற்றிரண்டு பயணிகள். வால்ரஸ் காட்டினேன். கொட்டாவி விட்டார்கள். கஸ்தூரி எருது காட்டினேன். "மாடுதானே" என்றார் ஒரு சுவிஸ் பல் மருத்துவர். ஆறாம் நாள் உரையில் வேறு சரக்கு இல்லாமல் நம் வழக்கத்தை எடுத்துவிட்டேன். கரடி சுட்டவருக்குச் சொந்தமில்லை, முதலில் பார்த்தவருக்கே சொந்தம். பார்த்தது கைக்குழந்தையானாலும் சரி. எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

மறுநாள் காலையிலிருந்து ஒருவரும் உட்கார்ந்து சாப்பிடவில்லை, எல்லோரும் மேல்தளத்தில் பைனாகுலரும் ரொட்டியுமாக நிற்கிறார்கள், பல் மருத்துவர் ஒரு வெள்ளைக் கல்லைத் தன் கரடி என்கிறார், "அது கல்லுங்க" என்றால் "அசையட்டும், அதுவரைக்கும் என்னுது" என்கிறார், ஒருவர் பனிக்கட்டியைக் கோருகிறார், ஒருவர் சமையல்காரர் காயப்போட்ட மேலங்கியைக் கோருகிறார், இவ்வளவு வழக்கையும் பிர்கிட் அம்மாள், அவர் டென்மார்க்கில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு நோட்டில் நேரம் போட்டுப் பதிந்து தள்ளுபடி செய்துகொண்டே இருக்கிறார், கடைசியில் பத்து பதினாலுக்கு நிஜக் கரடியைப் பார்த்தவரும் அவரேதான், அதே நிமிடம் பனிப்பாறைக்குப் பின்னாலிருந்து உங்கள் படகு.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் வேறு மாதிரி சொல்கிறீர்களாம். மேல்தள ஒலிபெருக்கியில் எல்லோரும் கேட்டது இதுதான்.

"டேய் மினிக், உங்க கப்பல் குறுக்க நிக்குது. ஒதுங்கச் சொல்லு. எங்கிட்ட வேட்டை அனுமதிச் சீட்டு இருக்கு."

"மாமா, இத்தனை பேரு பாத்துட்டு இருக்காங்க."

"பாக்கட்டும். நானுந்தான் அவங்களப் பாக்குறேன். நூக்ல நாலு வருஷம் படிச்சியே, நீயா ஒரு கரடியாவது பாத்திருக்கியாடா? இதையாச்சும் நீ பாத்தியா?"

நான் ஒலிவாங்கியைச் சட்டையில் துடைத்தேன். பிர்கிட் அம்மாள் என் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினார்.

"ஐயா, பத்து பதினாலுக்கு நான்தான் முதல்ல பாத்தேன். நோட்டுல இருக்கு. உங்க வழக்கப்படி கரடி என்னுது."



"உங்களுதுதாம்மா. கவலையே வேணாம்."

அவர் திரும்பி எல்லோரையும் பார்த்துச் சிரித்தார். ஒரு உயிரைச் சட்டப்படி காப்பாற்றிய சிரிப்பு. கைதட்டல்.

வெடிச்சத்தம். ஒன்றே ஒன்று.

"தோலு வெள்ளிக்கிழமை கொண்டாறேன்மா. மண்டையோடும் உங்களுது. கறி எந்தப் பக்கம் வேணும்?"

அம்மாள் தரையில் உட்கார்ந்துவிட்டார். "தொடையக் கேளுங்க" என்றார் பல் மருத்துவர்.

அன்று மதியம் தொண்ணூற்றிரண்டு பேரும் காய்கறி சூப் கேட்டார்கள். மறுநாள் கப்பலில் பன்றி இறைச்சி தீர்ந்துவிட்டது.

பிறகு நான் மறுபடி கூப்பிட்டு, அம்மாளுக்குத் தோல் வேண்டாமாம் என்றேன். "அடுத்தவங்க கரடிய வீட்டுல வெச்சுக்கிட்டா எனக்கு இன்னொன்னு சிக்குமாடா" என்றீர்கள். நியாயம். ஆனால் மாமா, உங்கள் நேர்மையை இந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் கொட்டகைக்குள் வைத்துப் பூட்டுங்கள். பிர்கிட் அம்மாள் கரை இறங்கி ஒரு தேநீர் குடித்துவிட்டுப் போகட்டும். என் வேலை தப்பிக்கட்டும்.

உங்கள் பனி காலை வாராமல் இருக்கட்டும். நாய்கள் உங்களையாவது மதிக்கட்டும். அத்தைக்கு என் அன்பு.

இப்படிக்கு,
மருமகன் மினிக்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். அன்று ஒன்பதரைக்குச் சமையலறைச் சன்னலில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். பனிமேட்டில் கரடி. இடது காதில் பாதி இல்லை. தோலை எடுத்துப் பாருங்கள். தூரத்தில் உங்கள் படகும் தெரிந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அத்தனை பயணிகளையும் கப்பலின் மறுபக்கம் கூட்டிப்போய்ப் பாறைப்பாசி பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். பாசியைப் பற்றி எனக்கு நான்கு நிமிடத்துக்குத்தான் தெரியும்.

சற்றுமுன் பிர்கிட் அம்மாளிடம் இதைச் சொன்னேன். ஒரு சாட்சி கேட்டார். காதைச் சொன்னேன். தன் புகைப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். நோட்டில் தன் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதிக் கையெழுத்திட்டார். மூன்று நாளில் முதல் தடவையாக முழுச் சாப்பாடு சாப்பிட்டார். டோர்ஹில்டிடமும் சொன்னேன். ஊரில் பெட்டியோடு இறங்கச் சொல்லிவிட்டார்.

ஆகவே வெள்ளிக்கிழமை தோலோடு கரைக்கு வாருங்கள். அந்தத் தோலில் எனக்குக் கால்சட்டை தைக்க என் இடுப்பளவு அத்தைக்குத் தெரியும். கப்பல் சாப்பாட்டில் இரண்டு விரல் கூடியிருக்கிறது.