இருமொழிப் பணிவு

மலைநாடு முன்னேறியது ரயிலால் என்பார்கள், றோட்டால் என்பார்கள். இரண்டும் பொய். 1931இல் திரு. நவரட்ணராஜா கண்டி நகரில் தொடங்கிய ‘இங்கிலீஷ், ஸ்பானிய மரியாதைமொழி வகுப்பு’தான் காரணம். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுத் தேயிலை ஆலையில் இரவு வேலை பார்த்த என்னையே அது ‘கனவான்’ ஆக்கியது. வேறென்ன சாட்சி வேண்டும்?

ஸ்பானிய மொழி எதற்கு என்று கேட்பீர்கள். பன்வில பக்கம் எங்கள் தோட்டத்துத் துரைசாணி, அதாவது துரையின் மனைவி, ஸ்பெயின்காரி. துரையின் மனதுக்கு அவள்தான் வாசல் என்பது நவரட்ணராஜாவின் ஆராய்ச்சி.

“துரை என்ன சொன்னாலும் முதலிலை ‘தேங்க் யூ’. துரைசாணி எண்டால் ‘கிராசியாஸ்’. மிச்சத்தைப் பிறகு யோசிக்கலாம். விளங்குதோ?”

“வெளங்குது சார்.”

“தேங்க் யூ எண்டு சொல்லும்!”

சொன்னேன்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா கத்தரீனாவின் புருஷன் இறந்தான். கைக்குழந்தையோடு அவளால் கொழுந்தெடுக்கப் போக முடியவில்லை. வேலைக்கு வராதவளுக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் காம்பரா, அதாவது ஒற்றை அறைகூட, இல்லை என்பது தோட்டத்துச் சட்டம். பிள்ளை நடக்கும்வரை தவணை கேட்கத் துரையின் பங்களாவுக்குப் போனோம்.

“நானே கேட்டுக்கிறேன்டா தம்பி. தொரைக்குத்தான் தமிழ் தெரியுமே.”

“தமிழ்ல கேட்டா கெஞ்சுறது. இங்கிலீஷ்ல கேட்டா மரியாதை. நீ வெளிய நில்லு.”

உள்ளே துரையும் துரைசாணியும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

“குட் மார்னிங் சார். புவெனோஸ் தியாஸ் மேடம்.”

துரைசாணி கைதட்டினாள். துரை தோட்டத் தமிழில் கேட்டார்: “என்னா விசயம்?”

“பிளீஸ் சார், கத்தரீனா காம்பரா...”

“ஆமா. நாளைக்கு அவ காலி பண்ணணும்.”

“தேங்க் யூ சார்” என்றது என் வாய். பயிற்சி அப்படி.

துரைசாணி பிஸ்கட் நீட்டினாள்.

“கிராசியாஸ் மேடம்.”

மிச்சத்தை யோசிப்பதற்குள் கதவு மூடிவிட்டது.

“என்னடா சொன்னாரு?”

“ரொம்ப மரியாதையாப் பேசினாருக்கா.”

“காம்பரா?”

பிஸ்கட்டைக் குழந்தையிடம் கொடுத்தேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. கதவைத் தட்டினாள். துரை எட்டிப் பார்த்தார்.

“ஒன் தம்பி சம்மதிச்சு நன்றி சொல்லிட்டான். இனி என்னா பேச்சு?”

மறுநாள் அக்கா மூட்டையோடு கம்பளைக்குப் போனாள். என்னிடம் எந்த மொழியிலும் பேசவில்லை.

துரைக்கு வகுப்பு மிகவும் பிடித்துப்போயிற்று. தோட்டத்தார் அனைவரும் படிக்கவேண்டுமென்று இலவசமாக இடமும் ஒதுக்கினார்: காலியாகக் கிடந்த அக்காவின் காம்பரா. வாத்தியார் நான்தான். மாணவர்கள் அபாரமாகத் தேறிவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒரு குடும்பம்கூடச் சத்தம்போட்டுக் காலி செய்ததில்லை.