பனி பெய்த லைன் வீடு

“லைன் வீடு முடிஞ்சிட்டு. ஸ்டார் மட்டும் தொங்கவிடணும். வந்து பாரு, ஆனா எதுலயும் கைய வச்சிராத.”

2020 டிசம்பர் 20, ஞாயிற்றுக்கிழமை அன்று என் அக்கா எஸ்தர் தோஹாவிலிருந்து அனுப்பிய செய்தி இது. குடும்பத்தில் யார், எந்தத் தேதியில், என்ன சொன்னார்கள் என்பதைப் பத்திரப்படுத்துவது என் வழக்கம். (சண்டையில் உதவும் என்றுதான் ஆரம்பித்தேன். இதுவரை உதவியதெல்லாம் எதிர்த்தரப்புக்கே.) சில மனிதர்களிடம் ‘தொடாதே’ என்று சொல்லக் கூடாது, சொன்னால் கை தானாக நீளும். நான் அந்த வகை. அந்த ஆண்டு என் கை நீண்ட தூரம், கணினித் திரையைத் தாண்டி இன்னொரு உலகம் வரை போனது.

அக்கா தோஹாவில் செவிலியர். எல்லா வருடமும் கிறிஸ்துமஸுக்கு வந்துவிடுவாள். கொரோனா ஆண்டில் லீவு கிடைக்கவில்லை. செய்தி வந்த அன்றே அம்மா முடிவெடுத்துவிட்டாள்.

“அவ வராம எனக்கென்ன கிறிஸ்துமஸ்? ஸ்டாரும் வேண்டாம், பலகாரமும் வேண்டாம்.”

“வீடியோவுல பேசுவாளேம்மா.”

“செல்லுல மூஞ்சப் பாத்தா வயிறு நெறஞ்சிருமால?”

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூர் வந்த குடும்பம் எங்களுடையது. அப்பா கட்டிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்லூரில் வரிசையாக ஒற்றை அறைகள் கொண்ட லைன் வீடு ஒன்றில்தான் அக்காவும் நானும் வளர்ந்தோம். எல்லா வீட்டுக்கும் பொதுவாக ஒரே குழாய். டிசம்பர் வந்தால் அம்மா வாசலில் காகித ஸ்டார் கட்டுவாள். அதற்குள் எரியும் பல்புக்கு வீட்டுக்காரம்மா தனியாகக் கரண்டு காசு கேட்டதே இல்லை. பிறகு அந்த வரிசையை இடித்துவிட்டு அங்கே தையல் யூனிட் போட்டார் வீட்டுக்காரம்மா. நாங்கள் இரண்டு தெரு தள்ளி, அவருடைய சொந்த வீட்டு மாடிக்கே குடிவந்தோம். பழைய வீட்டைப் படம் பிடித்துவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் நாங்கள் படம் எடுத்ததெல்லாம் ஸ்டுடியோவில், பின்னால் நீர்வீழ்ச்சி வரைந்த திரைக்கு முன்னால்தான்.

இடிந்த அந்த வீட்டைத்தான் அக்கா கட்டிக்கொண்டிருந்தாள். இணையத்தில் ஓர் உலகம் இருக்கிறது. ஆளுக்கொரு பொம்மை உருவம் எடுத்து உள்ளே போகலாம், நடக்கலாம், பேசலாம், சிறு மனை வாடகைக்குப் பிடித்து வீடும் கட்டலாம். டிசம்பரில் அங்கே எல்லா மனைகளிலும் பனி பெய்யும். அக்கா மாதக்கணக்கில், டூட்டி முடிந்து வந்து, லைன் வீட்டைச் செங்கல் செங்கலாக எழுப்பியிருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் மாலை ஆராதனைக்குப் போகும் முன் அம்மாவைக் கணினி முன் உட்கார வைத்து, அந்த வாசலில் ஸ்டார் எரிவதைக் காட்ட வேண்டும் என்பது அவள் திட்டம். அதைப் பார்த்தால் அம்மா மனம் மாறி அடுப்பில் சட்டி வைப்பாள் என்று நம்பினாள்.

என் வேலை கணினியைத் திறப்பது மட்டும். நான்தான், ‘ஸ்டாரை நானே தொங்கவிடுகிறேன்’ என்று கெஞ்சி, மனையில் பொருள் வைக்கவும் எடுக்கவும் அனுமதி வாங்கினேன்.

வாங்கியவன் ஸ்டாரோடு நின்றிருக்கலாம். ஆனால் நான் மெர்ச்சண்டைசர். வெளிநாட்டு ஆர்டரை வாங்கி, சாம்பிள் அனுப்பி, சரக்கு கப்பல் ஏறும்வரை தூங்காத ஜாதி. அக்கா அழைத்தபடி பொம்மை உருவத்தில் அங்கே வரப்போகிற சொந்தக்காரர்களுக்கு ஒரு பரிசு தர ஆசைப்பட்டு, சிவப்பு டி-ஷர்ட் ஒன்றை வரைந்து பெட்டியில் வைத்தேன். அந்தச் சிவப்பு சரியான சிவப்பாக வருவதற்குள் நான் பட்ட பாட்டை ஜெர்மன் பையர் பார்த்திருந்தால் உடனே அப்ரூவல் கொடுத்திருப்பார்.

“ஒரு பெட்டி போதும்ல,” என்று அக்கா முன்பே சொல்லியிருந்தாள். “யார் தொட்டாலும் ஆளுக்கொண்ணு தானா போயிரும்.”

எனக்கு இது நம்பும்படி இல்லை. ஒரு பீஸை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் எப்படி டெலிவரி கொடுப்பது? தவிர, திருப்பூரில் ஆயிரம் பீஸ் ஆர்டருக்கு ஆயிரம் மட்டும் வெட்டுகிறவரை நான் பார்த்ததில்லை. ஓட்டை விழும், கறை படும், சைஸ் மாறும். அதனால் கூடவே எக்சஸ் வெட்டுவோம். நானும் வெட்டினேன். பெட்டியை நகலெடுத்தேன். இரண்டையும் சேர்த்துப் பிடித்து நகலெடுத்தால் நான்காகிறது என்று கண்டுபிடித்த பிறகு என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. சிறியது, நடுத்தரம், பெரியது, மிகப் பெரியது என்று அளவு வாரியாக அடுக்கினேன். (பொம்மைகளுக்கு எல்லாச் சட்டையும் சேரும் என்பது பிறகுதான் தெரிந்தது.)

இருபத்து நான்காம் தேதி மாலை, ஸ்டாரைத் தொங்கவிடப் போனபோது அறிவிப்பு வந்தது. மனை நிரம்பிவிட்டது, இனி எதுவும் வைக்க முடியாது.

குடோன் நிரம்பினால் என்ன செய்வோம்? யாருடைய சரக்கு இடத்தை அடைத்திருக்கிறது என்று பார்ப்போம். பார்த்தேன். பட்டியலில் இரண்டே பெயர்கள். ஒன்று நான். இன்னொன்று வாயில் நுழையாத ஆங்கில எழுத்துகளும் எண்களும் கலந்த ஏதோ ஒரு பெயர். என்னைவிட அதிகச் சரக்கு அவனுடையது. யாரோ வெளியாள் என் அக்காவின் மனையில் லோடு இறக்கியிருக்கிறான் என்று எனக்கு ரத்தம் கொதித்தது. பக்கத்திலேயே ‘திருப்பி அனுப்பு’ என்ற பொத்தானும் இருந்தது.

அழுத்திவிட்டு, பாராட்டு வாங்க அக்காவை அழைத்தேன்.

“அக்கா, ஒருத்தன் நம்ம எடத்துல சரக்கு எறக்கி வச்சிருந்தான். மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டேன்.”

“யாருல?”

பெயரை எழுத்துக்கூட்டி வாசித்தேன்.

“அது நாந்தாம்ல,” என்றாள் அக்கா. “நான் மொதல்ல கணக்குத் தொறந்த பேரு. பட்டியல்ல அதுதான் வரும்.”

திரும்பித் திரையைப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று பனி. அதன் நடுவே அளவு வாரியாக அடுக்கிய என் பெட்டிகள். சுவர் இல்லை, கதவு இல்லை, குழாய் இல்லை.

அந்த நேரம் பார்த்து, அக்கா பழைய வீட்டைக் காட்டப்போகிறாள் என்று சொல்லி அம்மாவை அழைத்துக்கொண்டு அப்பா வந்துவிட்டார். அம்மா முகம் கழுவிப் பவுடர் போட்டு, நல்ல சேலை கட்டியிருந்தாள். அப்பா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“கம்பெனி டெஸ்பாட்ச் ரூம் மாதிரில்லா இருக்கு,” என்றார். பிறகு தொழில் புத்தியில், “எத்தனை பீஸ்ல?”

எல்லாவற்றுக்கும் கணக்கு வைக்கும் நான் அப்போதுதான் பெட்டிகளை எண்ண ஆரம்பித்தேன்.

“எங்கட்டி நம்ம வீடு?” என்று அம்மா ஸ்பீக்கரைப் பார்த்துக் கேட்டாள். அக்காவின் குரல் உடைந்துவிட்டது. திரும்பிய பொருளெல்லாம் அந்த உலகத்தில் அவளுக்கென்று இருந்த பைக்குள் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் அவள் எதற்கும் பெயர் வைத்திருக்கவில்லை. சுவர், ஜன்னல், அடுப்பு எல்லாமே அங்கே ‘பொருள்’, ‘பொருள்’, ‘பொருள்’ என்றுதான் இருந்ததாம்.

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். அதை இங்கே விவரிக்க மாட்டேன். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“அழாதட்டி. மொதல்ல வாசப்படிய எடுத்து வையி.”

நான் பெட்டிகளை அழித்துக்கொண்டே வர, அக்கா ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்தாள். அம்மா உத்தரவு போட்டாள். “ஜன்னல் அம்புட்டு ஒசரத்துல இல்ல. எறக்கு. அடுப்பு அந்த மூலையில. அங்கன இல்லட்டி, இங்கன. ஒன் தொட்டிலு தொங்குன எடம்லா அது.” அப்பா நடுவே தன் சைக்கிளுக்கு இடம் கேட்டார்.

படிக்கட்டில் செருப்புச் சத்தம். வீட்டுக்காரம்மா எட்டிப் பார்த்தார்.

“ஏனுங்க எஸ்தரம்மா, நாளைக்குக் கிறிஸ்துமஸுங்க, எண்ணெ வாசமே கீழ வரலீங்களே. ஒடம்புக்கு ஏதுமுங்களா?”

கேட்டவர் திரையைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அவரே ஆள் வைத்து இடித்த வீடு, பனி மூடி எழுந்துகொண்டிருந்தது.

“அட, நம்ம லைன் ஊடுங்க,” என்றார் மெதுவாக. பிறகு சுதாரித்துக்கொண்டு, “வாடகை யாருக்குங்க குடுக்கறீங்க, எஸ்தரு கண்ணு?”

அக்கா அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

கடைசியாகக் குழாய் வந்தது. கிழக்கே வைக்கச் சொன்னாள் அம்மா. வீட்டுக்காரம்மா தலையசைத்தார்.

“இல்லீங்க. மேக்கால. கொழாய் நானு போட்டதுங்க.”

“நீங்க போட்டியோக்கா, தண்ணி புடிச்சது நானு. வெள்ளன எந்திரிச்சி போனா சூரியன் கண்ணுல அடிக்கும்.”

“அது பக்கத்து ஊட்டுத் தகரம் மின்னறதுங்க.”

வழக்கு முற்றியது. வாதத்தின் நடுவே அம்மா எழுந்து அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் எண்ணெய் காயும் வாசம் வந்தது. “ஏல சாம், பரண்ல ஸ்டார் இருக்கு, எறக்கு,” என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். “அதையாவது ஒண்ணே ஒண்ணு எறக்கு.”

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் எதை அதிகமாகச் செய்தாலும், தோசை இரண்டு கூடினாலும், அப்பா என் பக்கம் திரும்பி “எத்தனை பீஸ்ல?” என்பார். என் கல்யாணத்துக்கு அழைப்பிதழ் அடித்தபோது அச்சகத்துக்கு என்னை அனுப்பவே இல்லை.

குழாய் விஷயத்தை நான் விசாரித்துப் பார்த்தேன். அந்த வரிசையில் குடியிருந்தவர்களில் நான் தேடிப் பிடித்தவர்கள் ஆளுக்கொரு திசை சொன்னார்கள். இடம் இப்போது தையல் யூனிட்டின் கான்கிரீட் தரைக்கு அடியில் இருக்கிறது. அக்கா தன் கணினி வீட்டில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு குழாய் வைத்துவிட்டாள். இரண்டிலும் எந்நேரமும் தண்ணீர் வருகிறது. அது தவறு என்று மட்டும் என்னால் உறுதியாகச் சொல்ல முடியும். உண்மையான குழாய் கிழக்கிலா மேற்கிலா என்பது இதை எழுதும் நாள்வரை உறுதி செய்யப்படவில்லை.